பழைய வீட்டுத் தானியங்கி அமைப்பின் கோளாறுகளைப் பிரித்தறிந்த அனுபவம்

பல ஆண்டுகள் குறையின்றி இயங்கிவந்த எங்கள் வீட்டுத் தானியங்கி அமைப்பு, ஒரு கட்டத்தில் தாறுமாறாக நடந்துகொள்ளத் தொடங்கியது. படிக்கட்டு விளக்கு, ஆள் ஏறி முடித்த பிறகே எரிந்தது; கதவு சென்சார்கள் சில மணி நேரம் தொடர்பிழந்து, பின்னர் தாமாகவே திரும்பின; படுக்கையறை விளக்குகள் நள்ளிரவில் முழு வெளிச்சத்துடன் எரிந்தன; தாழ்வார விளக்கோ எத்தனை முறை கட்டளையிட்டாலும் அணையவில்லை. எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்ததால், மையக் கருவியான ஹப் பழுதாகிவிட்டது என்றே வீட்டில் அனைவரும் முடிவுகட்டினார்கள்.

ஹப்பை முழுமையாக அழித்துவிட்டு மீண்டும் நிறுவலாம் என்ற யோசனைக்கு நான் உடன்படவில்லை. அப்படிச் செய்தால் ஒவ்வொரு சென்சாரையும் புதிதாக இணைக்க நேரிடும் என்பதோடு, கோளாறுக்கான தடயங்களைத் தாங்கியிருக்கும் லாக் பதிவுகளும் (நடந்தவற்றை ஹப் நேரத்தோடு குறித்துவைப்பவை) போய்விடும். எனவே ஒவ்வொரு தொல்லையும் நிகழ்ந்த நேரத்தைக் குறித்துவைத்து, அதை லாக் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

எளிதில் அகப்பட்டது மின்சாரம். எங்கள் ஹப், ராஸ்பெரி பை சிறு கணினியில் இயங்குவது. 5 வோல்ட் உள்ளீடு ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது அது எச்சரிக்கை பதிவுசெய்யும். அத்தகைய எச்சரிக்கைகளும், ஹப் தானாக மறுதொடக்கமான பதிவுகளும் வரிசையாக இருந்தன. அடாப்டர்களுக்குள் வோல்ட்டைச் சீராக வைத்திருக்க உதவும் மின்பகுளி மின்தேக்கிகள் வெப்பத்தில் மெல்ல உலர்ந்து திறன் இழப்பதால், பழைய அடாப்டர் வெறுமனே அளக்கும்போது சரியான வோல்ட்டைக் காட்டிவிட்டு, சுமை ஏறியதும் தளர்ந்துவிடும். அடாப்டரை மாற்றியதும் அந்த மறுதொடக்கங்கள் நின்றன.

நள்ளிரவு வெளிச்சத்துக்கும் ஹப்புக்கும் தொடர்பே இல்லை. அந்தந்த நேரங்களில் படுக்கையறை பல்புகள் அனைத்தும் ஒரே நொடியில் நெட்வொர்க்கில் தம்மைப் புதிதாக அறிவித்திருந்தன. அதாவது, மின்சாரம் கண நேரம் போய்த் திரும்பியிருந்தது. ஸ்மார்ட் பல்புகள் பலவும், மின்சாரம் திரும்பினால் எரியும்படியே தொழிற்சாலையில் அமைக்கப்பட்டு வருகின்றன. இதை 'முந்தைய நிலை' என்று மாற்ற ஓர் அமைப்பு இருந்தது. (தூங்குகிறவர்களை எழுப்புவதற்கென்றே இப்படி ஓர் இயல்புநிலையைத் தேர்ந்தெடுத்தார்களோ என்று அன்று தோன்றியது.)

அதிக உழைப்பைக் கேட்டது ரேடியோ அலைவரிசைச் சிக்கல்தான். சென்சார், பல்பு போன்றவற்றை ஹப்போடு கம்பியின்றி இணைக்கும் ஜிக்பீ முறையில் இயங்கும் கருவிகளும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையையே பகிர்ந்துகொள்கின்றன. எங்கள் ஜிக்பீ 2405 மெகாஹெர்ட்ஸில் அமையும் 11-ஆம் சேனலில் இருந்தது. புதிதாக வந்த வைஃபை ரூட்டரோ, 2412-ஐ மையமாகக் கொண்ட 1-ஆம் சேனலைத் தானே தேர்ந்து அதன்மேல் அமர்ந்திருந்தது. இது போதாதென்று, பதிவுகளைச் சேமிப்பதற்காக இணைத்த எஸ்எஸ்டி சேமிப்பகம், ஜிக்பீ டாங்கிளை (ஹப்பில் செருகும் சிறு ரேடியோ கருவி) ஒட்டிய யுஎஸ்பி 3.0 துளையில் செருகப்பட்டிருந்தது. யுஎஸ்பி 3.0 தரவோட்டம் இதே பட்டையில் இரைச்சலைக் கிளப்பும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012-லேயே ஓர் ஆய்வறிக்கையில் விளக்கியிருக்கிறது. டாங்கிளை யுஎஸ்பி 2.0 நீட்டிப்பு வயரில் தள்ளி வைத்ததிலேயே படிக்கட்டு விளக்கின் தாமதம் பெருமளவு மறைந்தது. பின்னர் வைஃபையை 1-ஆம் சேனலிலேயே நிலைநிறுத்திவிட்டு, ஜிக்பீயை 2475 மெகாஹெர்ட்ஸில் உள்ள 25-க்கு மாற்றினேன். 26-ஐ எல்லாக் கருவிகளும் சரிவர ஏற்பதில்லை என்பதால் அதைத் தவிர்த்தேன். இந்த மாற்றத்தைப் பேட்டரி சென்சார்கள் சில தாமாகப் பின்தொடரவில்லை. அவற்றை மட்டும் மறுபடி இணைக்க வேண்டியிருந்தது.

அதன் பின்னும் கதவு சென்சார்கள் விட்டுவிட்டுத் தொடர்பிழந்தன. ஜிக்பீயில் பொதுவாக நேரடி மின் இணைப்புள்ள கருவிகளே பிறரின் செய்திகளைக் கடத்துபவை. பேட்டரி சென்சார்கள் அவற்றுள் ஒன்றைத் தாயாகப் பற்றிக்கொள்கின்றன. முன்பு அறையில் இருந்த ஸ்மார்ட் பிளக் ஒன்று பழுதாகிக் கழற்றப்பட்டபோது, சில சென்சார்கள் வேறு தாயைத் தேடாமல் அதையே எதிர்பார்த்திருந்தன. அதே இடத்தில் வேறொரு பிளக்கை வைத்து, சென்சார்களை அதன்வழி இணைத்தேன். பேட்டரி 80 விழுக்காடு என்று காட்டியதையும் நான் நம்பவில்லை: 2032 வகை லித்தியம் செல்லின் வோல்ட், தீரும் தறுவாய் வரை 3-ஐ ஒட்டியே நிற்கும், ஆனால் உள்மின்தடை கூடிய செல், செய்தி அனுப்பும் கணத்தில் துவண்டுவிடும். பழைய செல்கள் அனைத்தையும் மாற்றினேன்.

தாழ்வார விளக்குக்குக் காரணம், சுவிட்சுக்குள் இருந்த ரிலேயின் (கட்டளைப்படி மின்சுற்றைத் திறந்து மூடும் பாகம்) தொடுமுனைகள் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டதே. எல்இடி விளக்குகளின் மின்னோட்டம் சிறிதென்றாலும், எரியத் தொடங்கும் நொடியில் அவற்றுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர்கள் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கின்றன. ஒரே ரிலேயில் பல விளக்குகள் சேரும்போது முனைகள் நாளடைவில் தீய்ந்துபோகும். பிரதான இணைப்பைத் துண்டித்து எலெக்ட்ரீஷியனே செய்ய வேண்டிய வேலை இது. எல்இடி சுமைக்கென்று மதிப்பிடப்பட்ட ரிலேயை அவர் பொருத்தினார். பின்வாசல் இரும்புக் கதவில் உள்ள சென்சார் மட்டும் இன்னும் அவ்வப்போது தொடர்பிழக்கிறது. உலோகத்தை ஒட்டாமல், மரச்சட்டத்தின்மேல் அதை இடம்மாற்றிப் பார்க்கவிருக்கிறேன்.