சமையல் மேடையில ஏறுற பூனை
எங்க வீட்டு செவலைப் பூனை சமையல் மேடையில ஏறாத நாளே கிடையாது. பூனைக்கு உயரம்னா பாதுகாப்பு, அங்கேருந்து எல்லாத்தையும் பாக்கணும் அதுக்கு, அதனால அடிக்கறதுல அர்த்தமே இல்ல.

எனக்கு பயம் ரெண்டு விஷயம்தான். போன மாசம் பால் காய்ச்சி இறக்கின சூட்டோட பர்னர் மேல கால வச்சிருச்சு, முன்னங்கால் மெத்தையில சின்னதா கொப்புளம், டாக்டர்ட்ட காட்டி மருந்து போட்டு ராத்திரி பூரா மடியிலயே வச்சிருந்தேன். இன்னொண்ணு வெங்காயம், பூண்டு. பூனை தின்னா ரத்தச் சிவப்பணு உடைஞ்சு ரத்தசோகை வந்துரும், வேக வச்சதும் விஷம்தான், நறுக்கினா உடனே மூடி வச்சிருங்க.

இப்ப அடுப்ப அணைச்சதும் பர்னர் மேல தண்ணிப் பாத்திரம் வச்சிடறேன், ஜன்னலோரம் உயரமான ஸ்டூல் போட்டு சாக்கு விரிச்சேன், அங்கேருந்து மாமரத்து அணில் தெரியும், பாதி நேரம் அங்கதான் உக்காந்திருக்கு.