மடுவுக்கு முந்தியா, பிந்தியா

மார்ச் 11, 2024
அம்மா நாலு ஸ்பூன் கஞ்சி குடிச்சாங்க. வலது கை அப்படியேதான் இருக்கு. பேச்சு வரல. பக்கத்துக் கட்டில்காரரோட மகன் போனில் செய்தி ஓடிச்சு. குடியுரிமைத் திருத்தச் சட்ட விதிகள் வந்திடுச்சாம்.

மார்ச் 12
ராத்திரி முழுக்கப் படிச்சேன். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான். இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர். 2014 டிசம்பர் 31க்குள்ள வந்திருக்கணும். நாங்க கிறிஸ்தவங்கதான். அம்மா இலங்கையிலிருந்து வந்தது 1984 டிசம்பர், சொன்ன தேதிக்கு முப்பது வருஷம் முன்னாடியே வந்துட்டாங்க. கடல்தான் தப்பான கடல்.

மார்ச் 14
திரும்பவும் ஜூலை 1. தூக்கம் இல்ல.

மார்ச் 17
எழுதி வைக்கிறேன், தலைக்குள்ளேயே சுத்தினா பைத்தியம் பிடிச்சிடும். 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்த மண்ணில் பிறந்தவங்க பிறப்பாலேயே இந்தியர். அப்பன் யாரு ஆத்தா யாருன்னு கேள்வியே கிடையாது. மண்டபம் அகதி முகாமில் 1986இல் பிறந்த ஒரு பொண்ணு ஹைகோர்ட் வரைக்கும் போய் பாஸ்போர்ட் வாங்கிட்டாங்க. நானும் அதே மண்டபத்தில் பிறந்தவதான். என் சர்டிபிகேட்டில் 3.7.1987ன்னு இருக்கு.

ஆனா அம்மா எப்பவும் சொல்றது வேற. "நீ மடுவுக்கு முந்தியே வந்திட்டாய் பிள்ளை. திருவிழாவுக்குப் போகேலாமல் கிடக்கிறனே எண்டு உன்னை மடியில வச்சுக்கொண்டு அழுதனான்." மடுன்னா மன்னார்ப் பக்கத்து மாதா கோயில். மடுமாதா திருவிழா ஜூலை 2. அப்ப சர்டிபிகேட் பொய். சரி, எவ்வளவு முந்தி? ஒரு நாள்னா ஜூலை 1, அதால பிரயோஜனம் இல்ல. ரெண்டு நாள் வேணும் எனக்கு. முப்பத்தாறு வருஷமா கேட்ட கதை, அந்த ரெண்டு நாளை ஒரு தடவைகூடக் கேட்டு வைக்கல.

மார்ச் 20
முகாமில் ஆள் கணக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ பிடிச்சு ஓடினேன். கையெழுத்துப் போட்டுட்டுத் திரும்ப ஓட்டம். ஷூ கம்பெனியில் இன்னிக்கும் சம்பளம் கட்.

மார்ச் 23
அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாச்சு. மேல்மொணவூர் வெயில் இப்பவே இப்படி, சித்திரையில் என்ன ஆகுமோ. புது வீடு கான்கிரீட், பழைய ஓலையும் தார்ப்பாயும் இல்ல, ஆனா மத்தியானம் அடுப்பு மாதிரி கொதிக்குது. ஈரத்துணியை ஜன்னலில் கட்டியிருக்கேன்.

மார்ச் 29
பெரிய வெள்ளி. அம்மாவால கோயிலுக்கு வர முடியல. கட்டில்லயே இடது கையால சிலுவை போட்டாங்க. வலது கைன்னு சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கிட்டேன்.

ஏப்ரல் 3
பிசியோதெரபிக்குப் போற வழியில் பாலாத்தங்கரை முத்துமண்டபம். கண்டியோட கடைசி ராஜாவை வெள்ளைக்காரன் 1816இல் கொண்டாந்து வேலூர்க் கோட்டையில் வச்சான். 1832இல் இங்கேயே செத்தார், இங்கேயே சமாதி. நல்லா இருந்தப்ப அம்மா இந்தப் பக்கம் போனா ஒரு பகிடி விடுவாங்க: "எங்களுக்கு முன்னம் வந்த அகதி. அவருக்கும் ஊருக்குப் போக விடேல்ல." இன்னிக்குப் பஸ் அந்த இடத்தைத் தாண்டறப்போ அவங்க முகத்தையே பார்த்துக்கிட்டு வந்தேன். ஒண்ணும் இல்ல.

ஏப்ரல் 5
மண்டபத்தில் இருக்கிற மாமா மகன்கிட்ட சொல்லியிருக்கேன், ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லி. கோயில்ல எழுதினா பிறந்த தேதியும் எழுதுவாங்கல்ல? எழுதணும்.

ஏப்ரல் 6
எழுதணும்.

ஏப்ரல் 10
அம்மா ராத்திரி கத்தினாங்க. வார்த்தை இல்ல, சத்தம் மட்டும். 1984 டிசம்பர் 4 மன்னார் அவங்களுக்குப் போகவே போகாது. ராணுவ வண்டி கண்ணிவெடியில் சிக்கின உடனே ரோட்டில் கண்ட சனத்தையெல்லாம் சுட்டாங்க, நூறு பேருக்கு மேல. அம்மா அப்ப பேசாலையில். அன்னிக்கு மன்னார் டவுனுக்குப் போயிருந்த சின்ன மாமா திரும்பவே இல்ல. அவர் சட்டை ஒண்ணு, நீலக் கோடு போட்டது, படகில் அம்மா மடியிலேயே வந்திருக்கு. இப்பவும் டிரங்குப் பெட்டிக்கு அடியில் இருக்கு. காலர் பட்டன் ஒண்ணு மட்டும் வேற கலர், அம்மா தைச்சது.

அந்தத் தேதி அவங்களுக்கு மணியோட ஞாபகம். நான் பிறந்த தேதி மட்டும் "மடுவுக்கு முந்தி".

ஏப்ரல் 19
ஓட்டுப் போடற நாள். கடைக்கார அக்கா மை வச்ச விரலோட பால் பாக்கெட்டை நீட்டி, "நீ இன்னும் போகலயாடி? கூட்டம் சேர்ந்துடும்"ன்னாங்க. பத்து வருஷப் பழக்கம், மறந்தே போச்சு போல. போறேன்க்கான்னுட்டு வந்துட்டேன்.

ஏப்ரல் 21
மாமா மகன் போட்டோ அனுப்பினான். என் பேர் இருக்கு, அப்பா அம்மா பேர் இருக்கு, ஞானஸ்நானம் ஜூலை 19. பிறந்த தேதிக்கான கட்டத்தில் ஒரு கோடு. மேலே உள்ள பிள்ளைக்குத் தேதி இருக்கு, கீழே உள்ள பிள்ளைக்கும் இருக்கு. போட்டோவைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன். கோடுதான்.

ஏப்ரல் 22
இன்னிக்கு நான் செஞ்சது தப்பு. அம்மா முன்னாடி காலண்டரை வச்சு, விரலைப் பிடிச்சு ஒவ்வொரு தேதியா நகர்த்தினேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. தலையாட்டுங்கம்மா போதும்னேன். அவங்க அழுதாங்க. எச்சில் வழிஞ்சிச்சு. காலண்டரை மடிச்சுக் கட்டிலுக்கு அடியில் போட்டுட்டேன்.

ஏப்ரல் 24
பேச்சு வந்திடுச்சு. ஒரே வார்த்தை. "கொடி."

மடுவில் கொடியேத்தமா? தொப்புள்கொடியா? காலையிலிருந்து அதையேதான் சொல்றாங்க. என்ன கொடிம்மான்னு கேட்டா கண்ணு ஜன்னல் பக்கம் போகுது. வெளியே துணிக்கொடியில் அவங்க சேலை காயுது, காத்தில் ஒரு பக்கம் நழுவி மண்ணில் புரண்டுக்கிட்டிருந்தது. போய் எடுத்துட்டு வந்தேன். "கொடி"ன்னாங்க திரும்ப.