ஊழியர் கருத்தாய்வு: நாமே நடத்துவதா, வெளியாரிடம் கொடுப்பதா?

எங்கள் நிறுவனத்தில் ஏறக்குறைய 340 பேர் வேலை செய்கிறார்கள். மனிதவளப் பிரிவில் நாங்கள் 4 பேர். ஆண்டுக்கு ஒருமுறை ஊழியர்களின் மனநிலையைக் கேட்டறிய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னபோது, அதை நாமே செய்துவிடலாம் என்று முன்வந்தவள் நான்தான். கேள்வி எழுதத் தெரியும், இணையப் படிவம் தயாரிக்கத் தெரியும், எக்செல் தெரியும். இதற்கு வெளியார் எதற்கு என்பதே அன்றைய என் எண்ணம்.

24 கேள்விகள் எழுதினேன். 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து படிகள்; முதலாவதற்கு 5 மதிப்பெண், கடைசிக்கு 1. 1932இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் வகுத்துத் தந்த அளவுகோல் இது; இன்றுவரை பல கருத்தாய்வுகள் இதையே நம்பியிருக்கின்றன. கடைசியில் மனம்விட்டு எழுத ஒரு பெட்டி. பெயர் தேவையில்லை என்று படிவத்தின் தலைப்பிலேயே தடித்த எழுத்தில் போட்டேன்.

பதில்கள் வந்தன. எந்தக் கேள்வியைப் பார்த்தாலும் சராசரி நான்கை ஒட்டியே இருந்தது. இயக்குநர் பாராட்டினார், எங்கள் பிரிவுக்கு நன்றிக் கடிதமும் வந்தது. அந்த மகிழ்ச்சி முடிவுகளை விளக்கும் கூட்டம் வரைக்கும்தான் நீடித்தது.

கூட்டத்துக்காக, ஊழியர்கள் எழுதிய கருத்துகளை அப்படியே அச்செடுத்துக் கொடுத்திருந்தேன். ஒரு பிரிவின் தலைவர் அதில் ஒன்றை உரக்கப் படித்தார்: "ஸ்பேனர் கேட்டால் காரணம் கேட்கிறார்கள். காரணம் சொன்னால் கடிதம் கேட்கிறார்கள்." படித்துவிட்டுச் சிரித்தார். "இது அவர்தான். இப்படி அடுக்கிப் பேச இங்கே வேறு ஆள் கிடையாது" என்றார். இரண்டு வாரத்தில் அந்த ஊழியர் இரவு ஷிஃப்டுக்கு மாற்றப்பட்டார். வழக்கமான சுழற்சி என்று விளக்கம் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வேலைத்தளத்தில் ஒருவர்கூட அதை நம்பவில்லை. அவர் என் மேசைக்கு வந்து நின்று, கோபமே இல்லாத குரலில் கேட்டார்: "பெயர் வேண்டாம் என்று நீங்கள்தானே மேடம் சொன்னீர்கள்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை நான் நடத்திய கருத்தாய்வை முதல் வரியிலிருந்து மறுபடியும் பார்த்தேன். ஒருவர் ஒருமுறைதான் பதில் தரலாம் என்று அமைத்திருந்ததால், அலுவலக மின்னஞ்சலில் நுழைந்தால்தான் படிவமே திறக்கும். முகவரியை நாங்கள் சேகரிக்கவில்லை. ஆனால் திரையின் மேல்மூலையில் தன் பெயர் தெரியும்போது அதை யார் நம்புவார்கள்? பதில் தாளில் ஒவ்வொரு வரிக்கும் நேரம் வினாடி வரை பதிவாகியிருந்தது. தளத்தில் எல்லோருக்குமாக இருந்தவை மூன்று கணினிகள். யாருக்குப் பின் யார் போய் உட்கார்ந்தார்கள் என்று நினைவிருக்கும் ஒருவரிடம் அந்தத் தாள் கிடைத்தால் போதும்.

பெயர் கேட்காதது வேறு, பெயரைக் கண்டுபிடிக்க முடியாதது வேறு. இந்த வேறுபாட்டை நான் அன்றுதான் உணர்ந்தேன். எனக்குக் கிடைத்த அத்தனை நான்குகளும் திருப்தியின் அடையாளம் அல்ல, எச்சரிக்கையின் அடையாளம்.

அடுத்த ஆண்டு ஆலோசனை நிறுவனங்களை அழைத்தோம். நிதிப் பிரிவின் தலைவர் எதிர்த்தார். நல்ல மென்பொருள் ஒன்றை ஆண்டுச் சந்தாவில் வாங்கினால் ஆலோசகருக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான் ஆகும் என்றார். அவர் சொன்ன கணக்கு சரி. அதில் சேராதது, முதல் ஆண்டு நானும் என் சக ஊழியரும் வேறு வேலை எதையும் தொடாமல் செலவிட்ட மூன்று வாரங்கள். அதைவிடப் பெரிய விடுபடல், மென்பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் நிர்வாகக் கடவுச்சொல் எங்களிடம்தான் இருக்கும் என்பது. ஊழியர்களுக்கு அது தெரியும்.

மூன்று நிறுவனங்கள் வந்தன. முதலாவது 68 கேள்விகள் கொண்ட ஆயத்தப் பட்டியலை நீட்டியது. ஊழியர் ஈடுபாட்டை அளக்க கேலப் நிறுவனம் தயாரித்த பெயர்பெற்ற கேள்வித்தாளிலேயே 12 கேள்விகள்தான். 68 எதற்கு என்று கேட்டேன். மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டுக் காட்ட என்றார்கள். எனக்கு அதில் ஆர்வம் வரவில்லை. துறையின் சராசரியைவிட நாம் மேலே இருக்கிறோம் என்று ஒரு கோடு காட்டினால், அந்தக் கோட்டைப் பார்த்ததுமே நிர்வாகம் நிம்மதியாகிவிடும். பக்கத்து மேசையில் இருப்பவரின் குறை அப்படியே இருக்கும்.

இரண்டாவது நிறுவனம் அழகான திரையைக் காட்டியது. பிரிவு, வயது, பணிக்காலம் என்று எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் முடிவு தெரியாது என்று உறுதியளித்தார்கள். அப்போது அது எனக்குப் போதுமானதாகவே பட்டது.

மூன்றாவதாக வந்த ஆலோசகர்தான் அது போதாது என்று புரியவைத்தார். மடிக்கணினியைத் திறக்காமல் ஒரு தாளில் பென்சிலால் எழுதினார்: பராமரிப்புப் பிரிவு 14 பேர். அதில் பகல் ஷிஃப்ட் 11 பேர். இரண்டு குழுவும் ஐந்துக்கு மேல், ஆகவே இரண்டின் சராசரியும் திரையில் தெரியும். "14 பேரின் மொத்தத்திலிருந்து 11 பேரின் மொத்தத்தைக் கழியுங்கள். மீதி மூன்று பேர் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். மூன்று பேரும் 1 போட்டிருந்தால், ஒவ்வொருவர் பதிலும் உங்களுக்குத் தெரிந்ததாகிவிடும்" என்றார். அந்த மூவர் இரவு ஷிஃப்ட். அதில் ஒருவர் யார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

மூன்று நிறுவனத்தாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தேன். எங்கள் இயக்குநர் உங்களை நேரடியாக அழைத்து, மூலத் தரவு முழுவதையும் அனுப்புங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? ஒருவர், பணம் தருவது நீங்கள், தரவும் உங்களுடையது என்றார். இன்னொருவர், அப்போது பேசிக்கொள்ளலாம் என்றார். பென்சில் பிடித்தவர், "தரமாட்டோம். அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், எங்களுக்கும் பாதுகாப்பு" என்றார். முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

ஆனால் எல்லாவற்றையும் அவர்களிடம் விட்டுவிடவில்லை. கேள்விகளை எழுதும் வேலையை நாங்களே வைத்துக்கொண்டோம். அவர்கள் தந்த மாதிரியில் 'உங்கள் நேரடி மேற்பார்வையாளர்' என்று ஒரு சொல் இருந்தது. எங்கள் தளத்தில் ஒருவருக்கு ஷிஃப்ட் பொறுப்பாளர் ஒருவர், வரிசைத் தலைவர் இன்னொருவர். யாரை நினைத்துப் பதில் சொல்வது? வெளியிலிருந்து வருபவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. ஆறு ஊழியர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, கேள்வியைப் படித்து, அது என்ன கேட்கிறது என்று அவர்கள் வார்த்தையில் சொல்லச் சொன்னோம். 'என் மேலாளர் என்னை மதிக்கிறார். வேண்டிய தகவலை உடனே தருகிறார்' என்ற கேள்வியில் ஒரு பெண் நின்றுவிட்டார். "மதிப்பார், ஆனால் ஒன்றும் சொல்லமாட்டார். இதற்கு என்ன போட?" அதை இரண்டாகப் பிரித்தோம். முதல் ஆண்டு நான் எழுதிய 24இல் இப்படி இரண்டைக் கட்டிப்போட்ட கேள்விகள் ஐந்து இருந்தன.

இந்த நிறுவனத்தைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று 0 முதல் 10 வரை கேட்கும் கேள்வியையும் விவாதித்தோம். 9, 10 போட்டவர்களின் விழுக்காட்டிலிருந்து 0 முதல் 6 வரை போட்டவர்களின் விழுக்காட்டைக் கழிப்பார்கள். 7, 8 எந்தப் பக்கமும் சேராது. 20 பேர் உள்ள பிரிவில் இருவர் 9இலிருந்து 8க்கு இறங்கினாலே மதிப்பெண் 10 புள்ளி சரியும். நிறுவனம் முழுவதற்கும் மட்டும் பார்ப்பது, பிரிவுவாரியாகக் காட்டுவதில்லை என்று முடிவு செய்தோம்.

ஒப்பந்தத்தில் சேர்த்தவை இவை: மூலப் பதில்கள் எந்த நிலையிலும் எங்களுக்கு வராது. எட்டுப் பேருக்குக் குறைவான குழுவும், கழித்தால் எட்டுக்குக் குறைவாக மிஞ்சும் குழுவும் காட்டப்படாது. எழுத்துக் கருத்துகளை எழுதியவரின் வார்த்தையில் தராமல் பொருள்வாரியாகத் தொகுத்துத் தருவார்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் கேள்விகளும் குழுவாரி மதிப்பெண்களும் எங்களிடமே இருக்கும். கடைசியாகச் சொன்னதை மறந்துவிட்டால், ஆலோசகரை மாற்றும் ஆண்டில் பழையதோடு ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

உள்ளேயே நடத்தும் படிவத்தையும் நாங்கள் தூக்கிப் போடவில்லை. ஷிஃப்ட் நேரம், ஓய்வறை, பயிற்சி நாள் போன்றவற்றுக்கு மூன்று நான்கு கேள்விகளோடு அதையே அனுப்புகிறோம்; இரண்டே நாளில் விடை கிடைத்துவிடும். பதில் சொல்பவருக்கு அச்சம் தரக்கூடிய கேள்வி வெளியே போகும், அச்சம் தராத கேள்வி உள்ளே இருக்கும் என்பதுதான் நாங்கள் வைத்துக்கொண்ட கோடு.

இரண்டாம் கருத்தாய்வில் மதிப்பெண்கள் இறங்கின. 'நான் செய்த தவறை அச்சமின்றிச் சொல்ல முடிகிறது' என்பதில் இறக்கம் மிக அதிகம். இயக்குநருக்கு வருத்தம், ஓராண்டில் இவ்வளவு மோசமாகிவிட்டோமா என்றார். போன ஆண்டும் இப்படித்தான் இருந்தது சார், அப்போது நம்மிடம் சொல்லவில்லை என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அறிக்கையை முழுவதும் படிக்கக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முடிவுகளை ஊழியர்களிடம் விளக்க ஆலோசகர் குழு தயாராக இருந்தது. நான் வேண்டாம் என்றேன். வெளியாள் வந்து படம் போட்டுக் காட்டிவிட்டுப் போனால், கேட்ட கேள்விக்கு நாளைக்கு யார் பொறுப்பு? ஒவ்வொரு பிரிவின் தலைவரும் தன் ஆட்கள் முன் நின்று பேசினார். சிலருக்குச் சரியாக வரவில்லை. கருவிகள் வாங்கக் கடிதம் எழுதும் முறை ஒரே வாரத்தில் நீங்கியது; அலமாரிச் சாவி இப்போது ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் இருக்கிறது.

ஸ்பேனர் பற்றி எழுதியவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கள் மேடம்" என்றார். இந்த முறை அவர் பதில் எழுதினாரா, எழுதியிருந்தால் என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு வழியும் இல்லை.