மணல்மேட்டில் ஒரு நேர்க்கோடு

ராஜஸ்தானின் பாலைவனத் தேசியப் பூங்காவில் தாவரக் கணக்கெடுப்புக்காக ஒரு ஜனவரியிலிருந்து மே வரை வேலை பார்த்தேன். ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் அந்தப் பூங்காவில் மணல்மேடுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மற்றவை கல்தரையும் புல்வெளியும். செடிகளை அளக்க எனக்கு ஒதுக்கிய நேர்க்கோடுகளோ பெரும்பாலும் அந்த ஐந்தில் ஒரு பங்கிலேயே விழுந்திருந்தன.

முதல் நாள் காலையில் ஜிபிஎஸ் காட்டிய திசை ஒரு மேட்டின் செங்குத்தான முகத்தில் போய் முட்டியது. கோட்டை விட்டு விலகக்கூடாது என்ற வீம்பில் நேராகவே ஏறினேன். ஓர் அடி வைத்தால் முக்கால் அடி சரிந்தது. கணுக்கால் வரை புதைந்து, கைகளையும் ஊன்றி, இருபது நிமிடம் கழித்து மூச்சிரைக்க உச்சியை எட்டியபோது, உடன் வந்த வனக்காவலர் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்து பீடி புகைத்துக்கொண்டிருந்தார். அவரை எல்லோரும் 'காகா' என்றழைப்பார்கள். சித்தப்பா என்றுதான் பொருள், ஆனாலும் தமிழ்க் காதுக்குக் காக்கையாகவே ஒலித்ததால் முதல் வாரம் எனக்கு நா எழவில்லை.

அவர் மேட்டைச் சுற்றிக்கொண்டு தென்மேற்குப் பக்கமாக ஏறியிருந்தார். அங்கே கோடைக்காற்று தென்மேற்கிலிருந்து வீசுவதால் அந்தப் பக்கம் சரிவு குறைவு. காற்றில் துள்ளிவரும் மணல்துகள்கள் ஓயாமல் மோதி மோதித் தரையை இறுக்கிவிடுகின்றன. உச்சியைத் தாண்டிய மணல் மறுபுறம் ஏறத்தாழ 34 பாகைச் சரிவில் பொலபொலவென்று உதிர்ந்து நிற்கிறது. அந்த உதிரி மணலில்தான் நான் நீந்தியிருக்கிறேன். அளவெடுக்கும் புள்ளிகள் கோட்டில் இருந்தால் போதும், நடையும் கோட்டிலேயே இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அது நானே போட்டுக்கொண்ட விதி.

அதன்பிறகு அவர் காலடியிலேயே கால் வைத்து நடந்தேன். வெயில் ஏறுவதற்கு முன் மணலில் இரவின் வரவுகள் எல்லாம் பதிந்திருக்கும்: வண்டுகளின் இரட்டைத் தையல், பாலைநரியின் நேர்த்தியான ஒற்றை வரிசை, மணலுக்கடியில் நீந்தும் அரணை விட்டுச்சென்ற நெளிகோடு. ஒருமுறை ஒன்றுக்கொன்று தொடாமல் சாய்வாகக் கிடந்த கோடுகளைக் கண்டதும் காகா கையை நீட்டி என்னை மறித்தார். சுருட்டை விரியன் பக்கவாட்டில் தாவிச் சென்ற தடம் அது. தடம் போய் முடிந்த புதரை நாங்கள் அன்று அளக்கவில்லை. படிவத்தில் காரணத்தை எழுதினேன்.

சுற்றுலாவுக்குப் பேர்போன சம் என்ற ஊரின் பக்கத்து மேடுகளில் இப்படி வாசிக்க ஒன்றுமில்லை. ஜீப்புச் சக்கரங்களும் ஒட்டகப் பாதங்களும் விடிவதற்குள் எல்லாவற்றையும் உழுதுவிடுகின்றன. அங்கே எடுத்த படங்களைத்தான் ஊரில் எல்லோரும் பாலைவனம் என்று நம்புகிறார்கள் என்பதில் எனக்குச் சற்று எரிச்சல் உண்டு.

மே மாதத்தில், வெப்பம் 45 பாகையைத் தொட்டுக்கொண்டிருந்தபோது, முதல் மேட்டுக்கு மறுஅளவைக்குப் போனோம். ஜனவரியில் முழங்கால் உயரத்துக்கு நட்டிருந்த இரும்புக்குச்சியைக் காணவில்லை. காகா ஒரு ஃபோக் புதரின் அருகே மண்டியிட்டுக் கையால் தோண்டினார். நான்கு விரற்கடை ஆழத்தில் குச்சியின் முனை தட்டுப்பட்டது. மணல் மூட மூடத் தண்டிலிருந்து புதிய வேர் விட்டு மேலே வரும் செடி ஃபோக். குச்சியைப் பிடுங்கி, அன்றைய மணல்மட்டத்துக்கு மேல் தெரியும்படி அதே இடத்தில் மீண்டும் நட்டோம்.