நான்காம் தலைமுறையில் வந்த ஆண்

மூன்று நாளைக்கு முன்னால், காலை பத்தரை மணி இருக்கும். 32 டிகிரி அறையில் இருந்த ஆறாம் எண் குழாயை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். வழக்கமான கணக்கெடுப்புதான். பதினேழு, பதினெட்டு என்று எண்ணிக்கொண்டே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு குளவியின் உணர்கொம்பில் நீள நீளமாக முடிகள். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தேன். ஆண்தான். எட்டு மாதமாகப் பெண்களைத் தவிர வேறெதையும் பெறாத கூட்டத்தில் ஓர் ஆண்.

நான் வேலை செய்வது டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணியோடு. குளவி என்றால் கொட்டுகிற குளவிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இது அரை மில்லிமீட்டர்தான், யாரையும் கொட்டாது. அந்துப்பூச்சி இட்ட முட்டையைத் தேடிப் பிடித்து, அதற்குள் தன் முட்டையை வைக்கும். உள்ளே குளவியின் புழு வளர வளர, மூன்று நான்கு நாளில் அந்துப்பூச்சி முட்டை கறுத்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் அதை ஓட்டை போட்டுக்கொண்டு குளவி வெளியே வரும். பயிரைத் தின்ன வேண்டிய புழு பிறக்கவே பிறக்காது. இதனால்தான் எனக்கு இந்தப் பூச்சியின் மேல் இவ்வளவு பிரியம். கார்சிரா அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி இவற்றை வளர்ப்போம். பிறகு அட்டையைத் துண்டுகளாக வெட்டி, வயலில் இலைக்கு அடியில் கட்டுவார்கள்.

எந்த டிரைக்கோகிரம்மாவாக இருந்தாலும் இந்த வேலையைச் செய்துவிடாது. ஒரு இனம் தாழ்வான பயிரில் நன்றாகத் தேடும், இன்னொன்று மரத்தின் உயரத்தில் தேடும். ஒன்று வெயிலைத் தாங்கும், மற்றொன்று தாங்காது. ஆனால் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே சிவப்புக் கண். ஒரு காலத்தில் அமெரிக்காவில் கிடைத்ததையெல்லாம் மைனூட்டம் என்றும், ஐரோப்பாவில் கிடைத்ததையெல்லாம் எவனெசென்ஸ் என்றும் எழுதிவைத்துவிட்டார்கள். அந்தக் குழப்பத்துக்கு வழி சொன்னது பெங்களூரில் வேலை செய்த இரண்டு பேர்: சுதா நாகர்கட்டி, எச். நாகராஜா. நிறத்தையும் முடியையும் நம்பாதீர்கள், ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பாருங்கள், அதன் வடிவம் இனத்துக்கு இனம் மாறும் என்று 1971இல் படங்களோடு காட்டினார்கள். உலகம் முழுக்க இன்றும் அந்த வழியில்தான் போகிறோம். அரை மில்லிமீட்டர் பூச்சிக்குள் இருக்கும் அந்தத் துளியூண்டு உறுப்பை இவர்கள் எத்தனை ஸ்லைடுகளில் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

ஆண் இல்லாவிட்டால்? அங்கேதான் நான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கூட்டம் இன்னொரு ஆய்வகத்திலிருந்து வந்தது. குழாயின் மேல் ஓர் இனத்தின் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. முதல் வாரத்திலேயே பெண்கள் மட்டும் பிறப்பதைக் கவனித்தேன். அதில் எனக்கு வியப்பில்லை, வொல்பாக்கியா என்ற பாக்டீரியா செய்கிற வேலை அது. குளவிகளில் சாதாரணமாக, கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும், கருவுற்றதிலிருந்து பெண். வொல்பாக்கியா தாயின் முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போக முடியும். ஆணுக்குள் போய்ச் சேர்ந்தால் அதற்கு அங்கேயே முடிவு. அதனால் கருவுறாத முட்டையின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி, அதையும் பெண்ணாக மாற்றிவிடுகிறது. 1990இல் ஸ்டௌதாமர் என்ற ஆய்வாளரின் குழுவினர் இப்படிப்பட்ட டிரைக்கோகிரம்மாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்கள் பிறந்தன. 30 டிகிரிக்கு மேல் வளர்த்தாலும் ஆண்கள் வரும் என்பதும் அப்போதே தெரிந்திருந்தது.

இதையெல்லாம் படித்திருந்தேன். படித்திருந்தும், லேபிளில் இருந்த பெயரை நம்பிவிட்டேன். அந்தப் பெயரில் எட்டு மாதம் அளவெடுத்தேன்: ஒரு பெண் குளவி ஒரு நாளில் எத்தனை முட்டையைத் தாக்கும், எத்தனை நாள் உயிரோடு இருக்கும், எவ்வளவு வெப்பத்தில் சோர்ந்துபோகும். கடைசியில் அந்த வெப்பப் பரிசோதனையே, நான்காம் தலைமுறையில், எனக்கு ஆணைக் கொடுத்தது.

நேற்று ஸ்லைடு தயாரானது. லேபிளில் இருந்த இனம் அல்ல அது.

இரவு சரியாகத் தூங்கவில்லை. காலையில் என் வழிகாட்டியிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஸ்லைடை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "மரவள்ளி மாவுப்பூச்சிக் கதை ஞாபகம் இருக்கா?" என்றார்.

எப்படி மறக்கும்? 1970களில் ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியில் மரவள்ளிச் செடிகளின் நுனிகள் கொத்தாகச் சுருண்டுபோயின. புதிதாக வந்த ஒரு மாவுப்பூச்சி செய்த வேலை. கோடிக்கணக்கானவர்களுக்கு அந்தக் கிழங்குதான் சோறு. மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா, ஆகவே பூச்சியும் அதன் எதிரியும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று தேடிப் போனார்கள். கண்டத்தின் வடக்கே அச்சு அசலாக அதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் ஒட்டுண்ணிகளைக் கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்கப் பூச்சியின் மேல் அவை எடுபடவில்லை.

இரண்டும் வேறு வேறு பூச்சிகள். வடக்கில் கிடைத்ததில் ஆணும் பெண்ணும் இருந்தன. ஆப்பிரிக்காவை அழித்துக்கொண்டிருந்தது பெண் மட்டுமே உள்ள இனம். வடக்குப் பூச்சிக்கு 1981இல் தனிப்பெயர் கிடைத்தது: ஃபெனகாக்கஸ் ஹெரனி. தேடலை நடத்திய ஹான்ஸ் ஹெரனின் பெயர்தான் அது. அதே ஆண்டில் அந்தோனி பெல்லோட்டி என்ற பூச்சியியலாளர் பராகுவேயில் சரியான பூச்சியைக் கண்டார். அதோடு அனாகைரஸ் லோபெசி என்ற குளவியும் கிடைத்தது. பிரிட்டனில் தனிமைப்படுத்திச் சோதித்துவிட்டு நைஜீரியாவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு 20க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் அந்தக் குளவி நிலைத்தது. 1995இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் தென்பட்டு, தமிழ்நாட்டு மரவள்ளியையும் பிடித்தபோது, இங்கே வரவழைக்கப்பட்டதும் இதே குளவிதான், பெனின் நாட்டிலிருந்து.

அந்த ஆப்பிரிக்கக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விமானத்திலிருந்து குளவியை விட்டதைச் சொல்வார்கள். எனக்கு அந்த இரண்டு மாவுப்பூச்சிகளையும் ஸ்லைடில் வைத்துப் பிரித்துப் பார்த்த மனிதர்கள்தான் கண்முன் வருகிறார்கள். கலிபோர்னியாவின் எலுமிச்சைத் தோட்டங்களிலும் இதேதான் நடந்தது. சிவப்புச் செதில் பூச்சிக்கு எதிரியான அஃபைட்டிஸ் குளவிகள் ஆசியாவில் பல இனமாக இருந்தன. எல்லாம் ஏற்கெனவே நம்மிடம் இருப்பதுதான் என்று நினைத்துப் பல பத்தாண்டுகள் கொண்டுவராமலே விட்டார்கள். 1950களில் பால் டெபாக் என்ற பூச்சியியலாளர் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் கொண்டுபோன அஃபைட்டிஸ் மெலினஸ்தான் அங்கே பூச்சியைக் கட்டுக்குள் வைத்தது.

"இப்ப டிஎன்ஏ இருக்கே, எதுக்கு ஸ்லைடு?" என்று கூட வேலை செய்யும் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. டிஎன்ஏவும் அனுப்பப்போகிறேன், ஆண் இல்லாத கூட்டத்துக்கு அது பெரிய வரம். ஆனால் வரும் வரிசையை ஒப்பிட வேண்டியது யாரோ ஒருவர் பெயர் வைத்துப் பதிவேற்றிய வரிசையோடு. அந்த ஒருவரும் என்னைப் போலவே ஒரு லேபிளை நம்பியிருந்தால்?

எட்டு மாதக் கணக்குகளைத் தூக்கிப் போடப் போவதில்லை. எண்கள் சரியானவை, பெயர்தான் தவறு. ஆனால் லேபிளில் இருந்த இனத்தை நினைத்துப் போட்ட வயல் திட்டம் நின்றுவிட்டது. ஒரு பருவம் போய்விடும். அட்டைக்காகக் காத்திருந்தவர்களிடம் வழிகாட்டி பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சை நானே பேசுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் நாற்பத்திரண்டு குழாய்களின் லேபிளையும் உரித்தேன். பெயர் எழுதவில்லை, வந்த இடமும் தேதியும் மட்டும். ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் பத்துக் குளவிகளை ஆல்கஹாலில் போட்டு, எண் எழுதி அலமாரியில் வைத்தேன். ஆண் வராத குழாய்கள் இன்னும் ஒன்பது இருக்கின்றன. நாளைக்குத் தேனில் ஆன்டிபயாடிக் கலக்க வேண்டும்.