மான் வேட்டைக் காலத்தில் காட்டு நடை: ஆரஞ்சு எவ்வளவு, எங்கே

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் முக்கியப் பருவம், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை தொடங்கும். மான் என்று நினைத்து யாரும் சுட்டுவிடாமல் இருக்க, தலை, மார்பு, முதுகு மூன்றும் சேர்த்து 250 சதுர அங்குல ஒளிர் ஆரஞ்சுத் துணி வேட்டைக்காரர்களுக்குக் கட்டாயம். சும்மா நடக்கப் போகிறவர்களும் அதே அளவைப் பின்பற்றுவது நல்லது. ஒரு வெஸ்ட், ஒரு தொப்பி போதும்.

பலர் கோட்டை விடுவது முதுகில்தான். வெஸ்ட் மேல் பையை மாட்டியதும் பின்னாலிருப்பவர் கண்ணில் படுவது கறுப்புப் பை மட்டுமே. பைக்கு ஆரஞ்சு மழையுறை போடுங்கள். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை வேண்டவே வேண்டாம். அங்குள்ள மான் மிரண்டு ஓடும்போது தூக்கிக் காட்டும் வாலின் அடிப்பக்கம் வெள்ளை; உங்களை மான் என்று நினைத்துவிடலாம். ஆரஞ்சைப் பார்த்து மான் ஓடிவிடுமோ, வேட்டைக்காரர் முறைப்பாரோ என்ற கவலையும் வேண்டாம். மானுக்குச் சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள் நமக்குத் தெரிவதுபோல் பளிச்சென்று தெரியாது.

மாலைதான் சிக்கல். சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை சுட அனுமதி உண்டு. ஒளிர் துணியோ பகல் வெளிச்சத்தை வாங்கித்தான் பளிச்சிடும். அந்தி வேளையில் மங்கிவிடும். பிரதிபலிப்புப் பட்டையும் யாராவது விளக்கடித்தால்தான் மினுங்கும். ஆகவே இருட்டும் முன்பே தலைவிளக்கைப் போட்டுவிடுங்கள். வெயிலில் வெளுத்துப்போன வெஸ்ட்டை மாற்றுங்கள். கூட வரும் நாய்க்கும் ஒன்று வேண்டும்.

வசந்தத்தில் வரும் வான்கோழிப் பருவம் வேறு கணக்கு: ஆண் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அப்போது அந்த மூன்று நிறங்களையும் தவிர்க்க வேண்டும்.