பேச்சுவார்த்தை மேசையில் இடம் இல்லாதவர்

அமெரிக்காவில் அரசு ஊழியர் சங்கங்களைப் பற்றிய வாதம் பெரும்பாலும் சம்பளத்தில் தொடங்கி வசவில் முடிகிறது. ஒரு தரப்புக்கு ஆசிரியரும் தீயணைப்பு வீரரும் சுரண்டப்படும் பாட்டாளிகள். மறு தரப்புக்கு அவர்கள் வரிப்பணத்தைத் தின்னும் சோம்பேறிகள். வலதுசாரிப் பொருளாதாரப் பார்வை கொண்ட எனக்கு இரண்டுமே ஒவ்வாதவை. கூடுதலாகக் கேட்கும் சங்கத்தின் மீது எனக்கு வருத்தமில்லை, கேட்பது அதன் வேலை. கொடுப்பவர் யாருடைய பணத்தை எடுத்துக் கொடுக்கிறார், யாருடைய தயவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் என் கேள்வி.

தனியார் ஆலையில் முதலாளி ஓர் அளவுக்கு மேல் கொடுத்தால் ஆலை நொடித்துப்போகும். அந்த அச்சம் இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது. அரசில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதோடு, எதிரே உட்கார்ந்து பேரம் பேசப்போகும் ஆளுநரையோ மேயரையோ தேர்ந்தெடுக்கும் தேர்தலில் அதே சங்கம் பணமும் ஆட்களும் இறக்கி வேலை செய்கிறது. பணம் கட்டப்போகும் வரி செலுத்துபவருக்கு அந்த மேசையில் இடமே இல்லை. தொழிலாளர்களின் நண்பரான அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்கூட, 1937ஆம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு ஊழியர் சங்கத் தலைவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், வழக்கமான பொருளில் கூட்டுப் பேரத்தை, அதாவது ஊழியர்கள் அனைவருக்குமாகச் சங்கம் பேசி ஒப்பந்தம் செய்வதை, அரசுப் பணிக்குள் கொண்டுவர முடியாது என்று தெளிவாகச் சொன்னார். அதன்பின் 1959இல் விஸ்கான்சின் மாநிலம் உள்ளாட்சி ஊழியர்களுக்குப் பேரம் பேசும் உரிமையைச் சட்டமாக்கியது. 1962இல் அதிபர் ஜான் கென்னடி மத்திய அரசு ஊழியர்களுக்கு நிர்வாக ஆணை ஒன்றின் மூலம் அதற்குக் கதவு திறந்தார். 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தனியார் துறையில் 5.9 விழுக்காட்டினரும் அரசுத் துறையில் 32.2 விழுக்காட்டினரும் சங்க உறுப்பினர்கள்.

சம்பள உயர்வு அந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே தெரிந்துவிடும். அதனால் அரசியல்வாதி தயங்குவார். ஓய்வூதிய உயர்வு அப்படியல்ல. இன்று வாக்குறுதி கொடுத்துவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொள்ளலாம். பணம் கட்ட வேண்டிய நாளில் வேறொருவர் பதவியில் இருப்பார். கலிபோர்னியாவில் 1999இல் நிறைவேறிய ஓய்வூதியச் சட்டத்தைப் பாருங்கள். நெடுஞ்சாலைக் காவலர் ஒருவர் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தில் 3 விழுக்காடு வீதம், 50 வயது முதல் ஓய்வூதியம் பெறலாம் என்று அது சொன்னது. இருபது வயதில் சேர்ந்து 30 ஆண்டுகள் பணியாற்றியவர், ஐம்பதாவது வயதில் சம்பளத்தின் 90 விழுக்காட்டை ஆயுள் முழுவதும் பெறுவார். பங்குச் சந்தை லாபமே இந்தச் செலவைத் தாங்கிவிடும், வரி செலுத்துபவருக்குச் சுமை வராது என்று ஓய்வூதிய நிதியமே சட்டமன்றத்துக்கு உறுதி கூறியது. சில மாதங்களில் இணைய நிறுவனப் பங்குகளின் குமிழி உடைந்தது. அதற்குப் பிறகும் பல நகராட்சிகள் இதே கணக்கைத் தங்கள் காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் எடுத்துக்கொண்டன. அதே மாநிலத்தில் 2008இல் வலேஹோ நகரமும் 2012இல் ஸ்டாக்டன் நகரமும் திவால் மனு கொடுத்ததற்கு வீட்டுச் சந்தையின் வீழ்ச்சி முக்கியக் காரணம் என்பது உண்மைதான். ஆனால் வருவாய் சரிந்தபோது அந்நகரங்களால் குறைக்க முடியாமல் நின்ற செலவு இந்த வாக்குறுதிகள்தான். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த அந்த 1999 சட்டத்துக்கு, ஜனநாயகக் கட்சியினரோடு குடியரசுக் கட்சியினரும் பெருவாரியாகக் கை தூக்கினார்கள் என்பதை என் தரப்பு நண்பர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இல்லினாயில் நிலைமை இன்னும் மோசம். அங்கே 1970ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பே ஓய்வூதியத்தைக் குறைக்க முடியாத ஒப்பந்தமாக ஆக்கியிருக்கிறது. 1994இல் குடியரசுக் கட்சி ஆளுநர் ஜிம் எட்கர் காலத்தில், பற்றாக்குறையை 50 ஆண்டுகளில் சரிசெய்வதாக ஒரு திட்டம் வந்தது; அதில் தொடக்க ஆண்டுகளின் தவணை மிகச் சிறியது, பின்னால் வரும் ஆளுநர்களுக்கு மிகப் பெரியது. 2013இல் பலன்களைக் குறைத்து இயற்றிய சட்டத்தை 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் செல்லாது என்றது. இன்று ஐந்து மாநில ஓய்வூதிய நிதியங்களின் நிதியில்லாக் கடன், அதாவது கொடுக்க வேண்டியதில் கையிருப்பு இல்லாத தொகை, சுமார் 14,000 கோடி டாலர். இதில் ஊழியரைக் குறை சொல்வது நியாயமாகாது. அங்குள்ள ஆசிரியர்களில் பெரும்பாலோருக்குச் சமூகப் பாதுகாப்பு என்ற மத்திய அரசின் பொது ஓய்வூதியம் கிடையாது. தம் பங்கை மாதந்தோறும் சம்பளத்திலிருந்து கட்டிவந்தவர்கள் அவர்கள். தன் பங்கை ஒழுங்காகக் கட்டாமல் விட்டது மாநில அரசு.

வலதுசாரிகள் வெற்றிக் கதையாகச் சொல்வது விஸ்கான்சினை. 2011 மார்ச்சில் ஆளுநர் ஸ்காட் வாக்கர் கையெழுத்திட்ட சட்டம், அரசு ஊழியர் சங்கங்களின் பேரத்தை அடிப்படைச் சம்பளத்தோடு நிறுத்தியது. அதையும் விலைவாசி உயர்வு அளவுக்குள் கட்டியது. சந்தாவைச் சம்பளத்திலிருந்து அரசே பிடித்துக் கொடுக்கும் வழக்கம் ஒழிந்தது. அதுவரை ஊழியரின் ஓய்வூதியப் பங்கையும் பெரும்பாலும் அரசே கட்டிவந்தது. சட்டம் வந்ததும், சம்பளத்தில் ஏறத்தாழ 5.8 விழுக்காட்டை அவரே கட்ட வேண்டியதாயிற்று. ஆண்டுக்கு 50,000 டாலர் வாங்குபவருக்கு அது 2,900 டாலர் இழப்பு, சிறு தொகையல்ல. மாநிலத் தலைநகர் மேடிசனில் சட்டமன்றக் கட்டடத்தைப் போராட்டக்காரர்கள் வாரக்கணக்கில் நிரப்பியதும், ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் 14 பேர் அவையில் போதிய எண்ணிக்கை இல்லாமல் செய்து வாக்கெடுப்பைத் தடுக்க அண்டை மாநிலமான இல்லினாய்க்குப் போய்த் தங்கியதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத பகுதி, பள்ளி மாவட்டங்கள் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள்) வாங்கும் மருத்துவக் காப்பீடு. ஆசிரியர் சங்கத்தோடு தொடர்புடைய காப்பீட்டு நிறுவனத்திடமே காப்பீடு வாங்க வேண்டும் என்று பல மாவட்டங்களின் ஒப்பந்தம் கட்டிப்போட்டிருந்தது. அந்தக் கட்டு அவிழ்ந்ததும் பல மாவட்டங்கள் வேறு நிறுவனங்களிடம் விலை கேட்டன; பழைய நிறுவனமும் விலையைக் குறைத்தது. எந்த ஊழியரின் சம்பளத்தையும் தொடாமல் மிச்சமான பணம் இது. என்னைக் கேட்டால், அந்தச் சட்டத்துக்கு ஆதரவான மிக வலுவான வாதம் இதுவே.

ஆனால் அந்தச் சட்டம் காவலர்களையும் தீயணைப்பு வீரர்களையும் விட்டுவிட்டது. 2010 தேர்தலில் மில்வாக்கி நகரக் காவலர் சங்கமும் தீயணைப்பு வீரர் சங்கமும் வாக்கரை ஆதரித்திருந்தன. விலக்குக்கு அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வேலைநிறுத்தம் நடந்தால் தெருவில் காவல் இருக்காது என்ற கவலையும் சொல்லப்பட்டது. என்றாலும் கலிபோர்னிய நகரங்களை நெருக்கிய அதே வகை வாக்குறுதி காவலருக்கு வரும்போது கொள்கை ஏன் மௌனமாகிறது? 2024 டிசம்பரில் விஸ்கான்சினின் டேன் மாவட்ட நீதிபதி ஒருவர், ஊழியர்களை இப்படி இரண்டாகப் பிரித்ததையே காட்டி அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியைச் செல்லாதென்று தீர்ப்பளித்தார். சட்டமன்றத்தின் குடியரசுக் கட்சித் தலைவர்கள் உடனே மேல்முறையீடு செய்தார்கள். எல்லாரையும் சேர்த்துச் சட்டம் போட்டவர் ஒகையோ ஆளுநர் ஜான் கேசிக். 2011 நவம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் அதை நிராகரித்தார்கள். சீருடையைத் தொட்டால் வாக்கு போய்விடும் என்ற பாடத்தை இரு கட்சிகளும் நன்றாகப் படித்துக்கொண்டன.

2025 மார்ச்சில் டிரம்ப் பிறப்பித்த ஆணை பல மத்திய அரசுத் துறைகளில் கூட்டுப் பேரத்தை நிறுத்தியபோது என் தரப்பில் பலர் கொண்டாடினார்கள். என்னால் முடியவில்லை. மத்திய அரசு ஊழியர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்குப் பேரம் பேசுவதே இல்லை. அதை நிர்ணயிப்பவை நாடாளுமன்றமும் அதிபரும். அப்படியிருக்க, செலவைக் குறைக்க என்ற வாதம் அங்கே வலுவிழக்கிறது. தேசப் பாதுகாப்பு என்று சொன்ன வெள்ளை மாளிகை, சில சங்கங்கள் அதிபரின் திட்டங்களை எதிர்ப்பதையும் தன் விளக்கக் குறிப்பிலேயே எழுதியது. காவலர்களுக்கு அங்கும் விலக்கு. எதிர்க்கும் சங்கத்துக்கு ஒரு சட்டம், வாழ்த்தும் சங்கத்துக்கு ஒரு சட்டம் என்றால் அடுத்து வரும் ஜனநாயகக் கட்சி அதிபர் அதைத் தலைகீழாக்க ஒரு பேனாவே போதும். மாறாக, எந்தச் சங்கமானாலும் ஓய்வூதிய உயர்வுக்கான முழுச் செலவையும் வாக்களிக்கும் ஆண்டிலேயே ஒதுக்க வேண்டும், அந்தச் செலவைச் சந்தை லாபத்தை நம்பாமல் கணக்கிட வேண்டும் என்று ஒரு சட்டம் வரட்டும். அதற்கு எந்தக் கட்சி கை தூக்குகிறது என்று பார்க்கிறேன்.